பழந்தோற்பையும் நம் முன்னோர் கைத்திறனும்

ஒரு நாட்டின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே எழுதப்பட்டிருப்பதாக எண்ணுதல் கூடாது. கல்லில் பெயர் பொறிக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டியதில்லை. அவ்வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் வரலாற்றைத் தாம் செய்த பொருள்களிலேயே விட்டுச் சென்றனர். பரணிலும் இரும்புப் பெட்டியிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய தோற்பை அத்தகைய பொருள்களுள் ஒன்று. பேருந்து நடத்துநரின் தோளில் தொங்கிய காசுப்பை, வழக்கறிஞரின் கைப்பை, மருத்துவரின் வாயகன்ற பை, பட்டாவும் பத்திரமும் வைத்துக் காத்த மடிப்புப் பை என அதன் வகைகள் பல.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் தோற்பையைப் பற்றி எழுதுவானேன் என்று இளைஞர் சிலர் வினவலாம். காரணம் உண்டு. அப்பையைச் சுமந்தவர் பெயரை ஊர் அறியும்; விற்ற கடையின் பெயர் பையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதன் தோலைப் பதமாக்கியவர் பெயரையும், ஊசி கொண்டு தைத்தவர் பெயரையும் யாரும் குறித்து வைக்கவில்லை. அப்பெயரற்றோருள் நம் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் இருந்தனர். ஆகவே பழந்தோற்பை ஒன்றைத் தூய்மை செய்து பேணுதல் வீட்டுப் பராமரிப்பு மட்டுமன்று. வரலாற்றுச் சான்று ஒன்றைக் காத்தலும் ஆகும். எப்படிக் காப்பது என்பதை அறிய வேண்டுமானால், அத்தோல் எப்படி உருவாயிற்று, எதனால் அழிகிறது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

புறநானூற்றில் ஓர் ஊசி

தமிழ் இலக்கியத்தில் தோல்தொழிலாளியின் கை மிகப் பழங்காலத்திலேயே இடம் பெற்றுவிட்டது. புறநானூற்றின் 82-ஆம் பாடலில் சாத்தந்தையார் என்னும் புலவர், போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் புரிந்த விரைவை உவமையால் விளக்குகிறார். ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டிலுக்கு வார் பிணிக்கும் தொழிலாளியின் கை ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ அவ்வளவு விரைவு என்பது உவமையின் கருத்து.

மன்னனின் வீரத்தை அளக்கத் தொழிலாளியின் ஊசி அளவுகோலாயிற்று. அவனுடைய குடும்பக் கவலையையும் புலவர் உணர்ந்திருந்தார். எனினும் அப்பாடலில் அவனைச் சுட்டும் சொல்லோ இழிவைக் குறிக்கும் சொல்லே. கைத்திறனை வியத்தல், கைக்குடையவனைத் தாழ்த்துதல் ஆகிய இரண்டும் ஒரே பாடலில் அருகருகே நிற்கின்றன. பின்வந்த நூற்றாண்டுகளின் கதையும் இதுவேதான்.

ஆவாரம்பட்டையின் அறிவியல்

உரித்த தோல் சில நாளில் அழுகிப் போகும். அதனை அழுகாப் பொருளாக மாற்றுவதே பதனிடுதல். தோலிலுள்ள புரத இழைகளோடு மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தாகிய டானின் பிணைந்துகொள்ளும்போது அழுகல் நின்று, தோல் உறுதி பெறுகிறது. தமிழகத்தில் இதற்குப் பெரிதும் பயன்பட்டது, மானாவாரி நிலத்திலும் வழியோரத்திலும் மஞ்சட்பூப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டையாகும்.

உப்பிட்ட தோலை முதலில் நீரில் ஊறவைப்பர். பின்னர்ச் சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் களைவர். உட்புறத்து ஒட்டிய சதையை வளைந்த கத்தியால் வழித்தெடுப்பர். சுண்ணாம்பு நீங்கக் கழுவிய பின், ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் இடுவர். எடுத்த எடுப்பிலேயே கடுஞ்சாற்றில் இட்டால் மேற்புறம் மட்டும் இறுகி உட்புறம் பச்சையாக நின்றுவிடும். ஆதலால் மெல்லிய சாற்றில் தொடங்கிப் படிப்படியாகக் கடுஞ்சாற்றுக்கு மாற்றுவர். இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்துவர்.

கடுக்காய் நீர் எதற்கு? ஆவாரந்தோல் வெளிச்சம் படப்படச் சிவந்து கறுக்கும் இயல்புடையது. கடுக்காய் அச்சிவப்பைத் தடுத்து நிறத்தைக் காக்கிறது. டானின்களில் இருவகை உண்டென்றும், ஆவாரம்பட்டை ஒருவகை, கடுக்காய் மற்றொரு வகை என்றும் வேதியியலார் பின்னாளில் பகுத்துரைத்தனர். தொட்டியருகே நின்ற தொழிலாளிக்கு அப்பெயர்கள் தெரியா. ஆனால் எதன்பின் எது, எத்தனை நாள், எந்தச் சாறு என்பது விரலுக்கும் நாவுக்கும் தெரிந்திருந்தது. சோதனை செய்து கண்டதைத் தலைமுறை தோறும் கையளித்தல் அறிவியலின் இயல்பு என்றால், இதுவும் அறிவியலே.

கடல் கடந்த தோல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாறு பதனிட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் சென்னைத் துறைமுகத்தின் வழியே இலண்டனுக்குக் கப்பலேறின. 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்பது அங்காடியில் அதற்கு வழங்கிய பெயர். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு ஆகிய இடங்களில் பதனிடும் கூடங்கள் பெருகின. முதல் உலகப் போரின்போது, 1914 முதல் 1918 வரை, பிரித்தானியப் படைவீரர் அணிந்த பூட்சுகளின் மேற்புறத் தோலாக இது பெருமளவில் பயன்பட்டது. இத்தோல் இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

வணிகம் வளர்ந்தது, வணிகர் வளர்ந்தனர். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர் கால் மட்டும் புண்ணாகவே இருந்தது. அக்குழிகளில் இறங்கியோருள் பெரும்பாலோர் நம் ஆதிதிராவிட, அருந்ததிய மக்களே ஆவர். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரின் அடிமை வாழ்வையும் அவர்கள் சங்கம் கண்டு எழுந்த வரலாற்றையும் டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக எழுதினார். 2012-ஆம் ஆண்டு அந்நூல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம் இளைஞர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல் அது.

இலண்டனில் எழுந்த வினா

தோற்பொருள்கள் ஏன் அழிகின்றன என்ற வினா இலண்டனில்தான் கூர்மையாக எழுந்தது. அங்குள்ள நூலகங்களில் தோலட்டைகள் சிவந்த பொடியாய் உதிர்ந்தன. 1843-ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே இதனை ஆராய்ந்தார். அறையில் எரிந்த எரிவாயு விளக்குகளின் புகையிலிருந்த கந்தகமே அமிலமாகித் தோலை அரிக்கிறது என்னும் முடிவுக்கு வந்தார். பாரடே கொல்லரின் மகன். சிறுவயதில் புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக வேலை செய்தவர். தோலைக் கையால் தொட்டு வளர்ந்த ஒருவரே தோலின் நோயையும் கண்டறிந்தார் என்பது நம் இளைஞர் நெஞ்சில் பதிய வேண்டிய செய்தி.

பின்னர் 1900-ஆம் ஆண்டில் இலண்டன் கலைகள் சங்கம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் முழு அறிக்கை 1905-இல் நூலாக வெளிவந்தது. சுமாக் என்னும் இலைச்சத்தால் பதனிட்ட தோல் நெடுநாள் நிலைக்கிறது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட இந்தியத் தோலோ ஒளியாலும் கந்தகப் புகையாலும் விரைவில் கெடுகிறது என அக்குழு உரைத்தது. இவ்வழிவுக்கு 'ரெட் ராட்' என்று பெயர். காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடைத் தோல் உறிஞ்சுகிறது, அது கந்தக அமிலமாகிப் புரத இழைகளை அறுக்கிறது, தோல் செம்பொடியாகிறது.

இம்முடிவு உண்மையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் இரண்டு செய்திகளை உடன் நினைத்தல் நலம். ஆவாரந்தோல் செருப்புக்கும் பூட்சுக்கும் நீரிறைக்கும் சாலுக்கும் ஏற்ற வலிய தோல். கரிப்புகை சூழ்ந்த நூலகத்தில் நூறாண்டு நிற்பதற்கென்று அதனை யாரும் செய்யவில்லை. மேலும், நிலைத்து நிற்பதாகக் குழு பாராட்டிய சுமாக்கும் நம்மவர் இறுதியில் தோய்த்த கடுக்காயும் ஒரே வகை டானினைச் சேர்ந்தவை. கடுக்காய் நீர் மட்டும் ஆவாரந்தோலின் குறையை முற்றும் போக்கிவிடாது. எனினும் குறை இன்னதென்று நம்மவர் கை ஓரளவு உணர்ந்திருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

குரோம் வந்த கதை

1903-ஆம் ஆண்டளவில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் குரோம் உப்பால் பதனிடும் முறையைச் சோதனை செய்யத் தொடங்கினார். கவலை இறைக்கும் தோற்சால் நீரில் நனைந்து நனைந்து விரைவில் கெடுவதைத் தவிர்ப்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. குரோந்தோல் நீரையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும். வாரக்கணக்கான வேலை சில நாளில் முடியும். சென்னைக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை அங்கு நிறுவப்பட்ட குரோந்தோல் தொழிற்சாலையாலேயே அப்பெயர் பெற்றது. இன்று உலகில் செய்யப்படும் தோலில் பெரும்பகுதி இம்முறையில் ஆனதே. அதன் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததும், 1996-இல் உச்சநீதிமன்றம் அதுபற்றிக் கடுமையான தீர்ப்பு வழங்கியதும் யாவரும் அறிந்தவை.

1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக விளங்கிய நாயுடம்மா அந்நிலையத்தை உலகறியச் செய்தார். தோல் தொழில்நுட்பம் பொறியியற் பட்டப்படிப்பாயிற்று. அறிவு வளர்ந்தது நன்றே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒருவர் செய்தால் தொழில்நுட்பம், மற்றொருவர் செய்தால் இழிதொழில் என்று அதே தோலுக்கு இரண்டு பெயர்கள் வழங்கின. மாறியது வேலையன்று, செய்பவரின் பிறப்பே.

பழம்பையைப் பேணும் முறை

இனி நம் வீடுகளில் உள்ள பழைய தோற்பையை எவ்வாறு பேணுவது என்பதைக் காண்போம்.

முதலாவது, தோலின் வகையை அறிக. பையின் அறுத்த விளிம்பைப் பார்த்தால் தெரியும். விளிம்பு முழுதும் பழுப்பாக இருப்பின் அது பெரும்பாலும் பட்டைச் சாற்றில் பதனிட்டது. நடுவில் நீலமோ சாம்பலோ கலந்து தோன்றின் குரோந்தோல். பட்டைத்தோலில் ஒரு துளி நீர் பட்டாலும் கறை நிற்கும் என்பதை மறவாதீர்.

இரண்டாவது, நோய் உண்டா என்று காண்க. பையை வெள்ளைத் துணியால் மெல்லத் தொட்டால் செம்பொடி ஒட்டுகிறதா? ஒட்டினால் அது மேற்சொன்ன ரெட் ராட். அத்தகைய பைக்கு நீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. நீர் பட்ட இடம் கறுத்து இறுகிவிடும். அழிந்த இழையை மீட்கும் மருந்து எதுவும் இல்லை. ஹைட்ராக்சி புரோப்பைல் செல்லுலோஸ் என்னும் பொருளைச் சாராயத்தில் கரைத்துத் தடவிப் பொடி உதிர்வதை நிறுத்துவது அருங்காட்சியக வல்லுநர் கையாளும் முறை. நாம் செய்யத்தக்கது, அதனைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அசையாமல் வைப்பதே.

மூன்றாவது, நோயற்ற பையைத் தூய்மை செய்க. மென்மயிர்த் தூரிகையால் தையல் இடுக்கிலும் மடிப்பிலும் உள்ள தூசியை நீக்குக. பின்னர் நன்கு பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைக்கலாம்; முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பார்த்தல் வேண்டும். சலவைச் சோப்பும் சோடா உப்பும் அறவே கூடா. பட்டைத்தோல் இயல்பிலேயே சற்று அமிலத் தன்மை உடையது. சோப்பின் காரம் டானினைக் கரைத்துத் தோலைக் கெடுக்கும்.

நான்காவது, மழைக்காலத்தில் படரும் வெண்படலத்தை இனம் காண்க. எல்லா வெண்மையும் பூஞ்சணம் அன்று. தோலிலுள்ள கொழுப்பு மேலெழுந்து வெள்ளையாகப் படிவதும் உண்டு. இளஞ்சூடு பட்டதும் மறைந்தால் அது கொழுப்பு. மறையாமல் பஞ்சு போல் படர்ந்து, மட்கிய வாடை வீசினால் பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த பையை வெளியே எடுத்துச் சென்று, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, துலக்கி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும்.

ஐந்தாவது, எண்ணெயில் அளவு காக்க. செருப்புக்கும் கவலைச் சாலுக்கும் நம் முன்னோர் விளக்கெண்ணெய் இட்டனர். அது காற்றில் காய்ந்து பசையாகாத எண்ணெய். அவர்கள் தேர்வு பொருத்தமானதே. ஆனால் நாள்தோறும் நீரில் நனையும் சாலின் தேவை வேறு. பெட்டியில் உறங்கும் பையின் தேவை வேறு. இலண்டன் அருங்காட்சியகத்தார் கம்பளிக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சை நெடுங்காலம் தாராளமாகத் தடவி வந்தனர். மிகுதியாகத் தடவினால் தோல் கறுத்துத் தூசியை ஈர்க்கிறது என்று பிற்கால வல்லுநர் எச்சரித்தனர். ஆகவே வறண்ட பைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, துணியில் தொட்டு, மிக மெல்லியதாகத் தடவித் துடைத்தெடுத்தல் போதும். மெருகு ஏறிய குரோந்தோற்பைக்கு அதுவும் வேண்டா.

ஆறாவது, பித்தளைக் கொக்கியைக் காண்க. கொக்கியைச் சுற்றிப் பச்சை மெழுகு போலக் கட்டியிருந்தால் அது எண்ணெயின் அமிலமும் உலோகத்தின் செம்பும் கூடி விளைந்த களிம்பு. மூங்கிற் குச்சியால் சுரண்டித் துணியால் துடைத்துவிடலாம். பித்தளைக்கு மெருகு போடும் மருந்து தோலில் பட்டால் கறை நிற்கும். கொக்கிக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்க.

இறுதியாக, வைக்கும் முறை. பையின் உள்ளே பழைய வெள்ளைத் துணியை அடைத்தால் வடிவம் குலையாது. பருத்தித் தலையணை உறையில் இட்டு வைக்கலாம். பாலித்தீன் உறை ஈரத்தை அடைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். அடுப்பங்கரைப் பரண் வேண்டா. உள்ளே பத்திரமோ சான்றிதழோ இருப்பின் அவற்றைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். தோலின் அமிலம் தாளையும் அரிக்கும். தையல் விட்டிருந்தால் பழைய துளைகளின் வழியே மீண்டும் தைக்கச் செய்க. புதுச்சாயம் பூசாதீர். தேய்ந்த இடமும், மங்கிய முத்திரையும், கைப்பிடியில் படிந்த கறுப்பும் அப்பையின் வரலாறு. அவற்றை அழித்தால் சான்று அழிந்துபோம்.

இழிவு தோலில் இல்லை

இவ்வளவும் கூறியதால், குலத்தொழிலைப் போற்றி அதிலேயே நிற்க வேண்டும் என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ளற்க. பிறப்பினால் சுமத்தப்பட்ட வேலை விலங்கே. 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரியில் ஆற்றிய பேருரையில் அண்ணல் அம்பேத்கர் ஒரு செய்தியை நினைவுகூர்ந்தார். செத்த மாட்டை அகற்றுவதைக் கைவிட்டால் தோலாலும் கொம்பாலும் குளம்பாலும் வரும் வருமானத்தை நம் மக்கள் இழப்பர் என்று கணக்கிட்டு எழுதினர் சிலர். அவ்வளவு வருமானம் உண்டென்றால் நீங்களே அதனைச் செய்து பெற்றுக்கொள்ளலாமே என்ற கருத்தில் அண்ணல் அவர்களுக்கு விடையிறுத்தார். கணக்குப் போட்டவர் எவரும் முன்வரவில்லை. இலாபத்தைவிட மானம் பெரிது என்பதே அவர் நமக்குக் காட்டிய பாடம்.

அப்பாடம் பழையதாகிவிடவில்லை. 2016 ஜூலையில் குசராத்து மாநிலம் ஊனாவில், செத்த பசுவின் தோலை உரித்த நம் இளைஞர்கள் கட்டி வைத்து அடிக்கப்பட்டனர். அதனைக் கண்டித்து அம்மாநிலத்து நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலகத்தின் முன் போட்டனர். செய் என்று கட்டளையிட்டதும் சாதி. செய்தாய் என்று அடித்ததும் சாதி.

பள்ளிகளில் சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது, தந்தையின் தொழில் என்னும் இடத்தில் பேனாவை நிறுத்திவிடும் பிள்ளைகளை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். அப்பிள்ளை நாணுவதற்கு ஏதுமில்லை. நாண வேண்டியது, உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவனை விலக்கி வைத்த சமுதாயமே. தந்தை செய்த தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டியதில்லை; ஆனால் தந்தை அறிந்ததைப் பிள்ளை அறியாது போவது இழப்பு. விலங்கை உடைத்தெறிவோம், விலங்கிட்ட கையிலிருந்த அறிவை எறிந்துவிட வேண்டா.

இளைஞர்க்கு ஒரு பணி

நம் சங்கத்து இளைஞர் இவ்வாண்டு செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தோல் ஷாப்பிலும் செருப்புத் தைக்கும் திண்ணையிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றனர். ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்லுங்கள். சாற்றின் கடுமையை எப்படி அறிந்தனர், தோல் வெந்துவிட்டதை எதனால் கண்டனர், எந்தத் தோலுக்கு எந்த ஊசி என்பவற்றைக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். பெற்ற கூலியையும் பட்ட துன்பத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.

வீட்டில் பழம்பை இருப்பின் அதனைத் துடைத்து, மேலே கூறிய முறையில் பேணி, யார் செய்தது, யார் சுமந்தது என்று ஒரு சீட்டில் குறித்து அதனோடு வையுங்கள். பொன் விழாக் காணும் நாளில் நம் சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரி அப்பொருள்களால் நிறைந்திருக்க வேண்டும் என்பது நம் விழைவு. தோல் பேணினால் நூறாண்டும் நிற்கும். அதனைச் செய்தவர் பெயரும் அதனோடு நிற்கட்டும்.